ஓராள் கூட

முல்லைத்தீவு மறியலில்
நான் இரண்டாம் கிளாக்கர்.
சாவி என்னிடம் இல்லை. தராசு இருக்கிறது.
ஆளுக்கு ஒன்றரை றாத்தல் அரிசி,
அரை அவுன்ஸ் உப்பு,
கிழமைக்கு இரண்டுதரம் கருவாடு.
உப்பு நிறுக்கையில் மட்டும்
வேலப்பன் என் கையையே பார்ப்பான்.
நந்திக்கடல் வற்றிய ஆனியில்
கரையில் தானாய் விளைந்ததை
ஒரு கடகம் அள்ளியதற்கு அவனுக்கு மூன்று மாதம்.
அது அரசாங்க உப்பு.
இங்கே அதை நாங்களே ஊட்டுகிறோம்,
நிறுத்து.

ஏகாம்பரி கதை வேறு.
வருசம் ஆறு நாள் தெருவேலைக்கு வரவேண்டும்,
அல்லது காசு கட்டவேண்டும்.
ஆறு நாளும் காய்ச்சலில் கிடந்தான்.
காசுக்குப் பதில் கோட்டில் கைகூப்பினான்.
இப்போது ஒட்டுசுட்டான் பாதையில்
நாலாம் கட்டையில் கல்லுடைக்கிறான்,
அறுபது நாள்.
ஆறு எப்படி ஐயா அறுபதாகும் என்று
ஒருநாள் என்னிடம் கேட்டான்.
சைபர் ஒன்று சேர்ந்தது என்றேன்.
சிரித்தான். துவான் சாலி பிரம்பை ஓங்கி,
தானும் சிரித்து, இறக்கினார்.

விடிய எண்ணுவோம், பொழுதுபட எண்ணுவோம்,
வாசலில் இரண்டிரண்டாய்க் குந்தவைத்து
தலையில் தொட்டுத் தொட்டு.
எண்ணிக்கை குறைந்தால் செய்யவேண்டியதற்கு
சட்டப் புத்தகத்தில் ஒன்பது பிரிவு:
மணியடி, கச்சேரிக்கு ஆள் அனுப்பு,
விதானைமாருக்குச் சொல்லு,
காவலாளின் சம்பளத்தில் பிடி.

ஆவணியில் ஒருநாள்
முப்பத்தொன்று போய்
முப்பத்திரண்டு வந்தது.

திரும்ப எண்ணினோம்.
துவான் சாலி மலாயில் எண்ணினார்.
ஜெயிலர் பெரெய்ரா சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு
எண்ணினார், ஏனென்று தெரியாது.
முப்பத்திரண்டு.
மொட்டைத் தலைகள், செம்மண் அப்பிய முதுகுகள்.
யாருக்கும் யாரையும் தெரியாதாம்.

கால் பார்த்துத்தான் பிடித்தேன்.
முப்பத்தொரு சோடிக் கால்களில் கற்சில்லின் வடு;
ஒரு சோடி, நெருஞ்சியை மட்டும் அறிந்தது.
பதினேழு வயதிருக்கும். உமையன்.
ஏகாம்பரியின் தம்பி.
மீன் வெட்டும் கத்தியால் தானே மழித்த தலை,
காதுக்குப் பின்னே காயாத இரத்தம்.
சோற்று நேரம் பாலைமரத்து மறைவிலிருந்து வந்து
வரிசையில் குந்தியிருக்கிறான்.

"ஏனடா?"
"மூண்டு வருசமா குளத்தில தண்ணியில்லை ஐயா.
இஞ்சை நிறுத்துத் தருவினமாம்."

மாத அறிக்கையில் பதினாலு நிரல்:
வந்தோர், விடுபட்டோர், இறந்தோர், தப்பியோர்,
கசையடி பெற்றோர்,
கல் எத்தனை கியூப், தும்பு எத்தனை றாத்தல்.
புகுந்தோர் என்று ஒரு நிரல் இல்லை.

துரத்து என்றார் ஜெயிலர்.
துரத்தினோம்.
வெளியே இருட்டு, கடற்காற்று,
எங்கோ ஒரு நரி.
அவன் போகவில்லை, கதவோடு ஒட்டிக் குந்தினான்.
இராமுழுக்க உள்ளே ஒருவன் இருமினால்
வெளியே ஒருவன் இருமினான்.

விடிய நான் தராசைத் தூக்கினேன்.
முப்பத்தொரு தரமும் அரிசித் தட்டு
இம்மி உயர்ந்தே நின்றது.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
வேலப்பன் என் கையைப் பார்த்தான்,
பிறகு கூரையைப் பார்த்தான்.
என்னுடைய அரிசியிலிருந்தும் கொடுத்திருக்கலாம்.
அது எனக்குப் பிறகுதான் தோன்றியது.

பகலில் அவனும் கல்லுடைத்தான்.
அவனுக்குச் சுத்தியல் கிடையாது;
அண்ணன் இளைக்கும்போது அண்ணனுடையது.

மாதக் கடைசியில் துரை குதிரையில் வந்தார்.
கற்குவியலைக் கோலால் அளந்தார்.
முப்பத்தொருவர் உடைக்கக்கூடியதிலும்
ஓராள் கூட.
நல்ல நிர்வாகம் என்று சிவப்பு மையில் எழுதினார்.
பெரெய்ராவுக்குச் சம்பளம் கூடியது.

அறுபதாம் நாள் ஏகாம்பரிக்கு
அவனுடைய வேட்டியைத் திருப்பிக் கொடுத்தோம்.
செல்லரித்திருந்தது. கைநாட்டு வைத்தான்.
விடுபட்டோர் நிரலில் ஒன்று.

அன்று பொழுதுபட எண்ணினோம்.
முப்பது. சரி.
கதவைச் சாத்தி, தாழ் போட்டு,
விளக்கைத் தணித்தோம்.

வெளியே இரண்டு இருமல்.